பழைய ஏர்கன்னா, புதிய ஏர்கன்னா? – ஒரு மதிப்பீடு

கடற்கரைக்கோ பொருட்காட்சிக்கோ போனவர்கள் பலூன் சுடும் கடையைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள். எதிரே ஒரு மேசை. அதன்மேல் ஒன்றிரண்டு ஏர்கன்கள். கடைக்காரர் குழலை மடக்கி, ஈயக் குண்டு ஒன்றை உள்ளே வைத்து, நிமிர்த்தி நம் கையில் தருகிறார். சுடுகிறோம். பலூன் வெடித்தால் நம் திறமை. வெடிக்காவிட்டால் துப்பாக்கியின் முள் கோணல்!

அந்தத் துப்பாக்கியை நீங்கள் சற்று உற்றுப் பார்த்ததுண்டா? கட்டையின் பாலிஷ் போயிருக்கும். இரும்பின் மேலிருந்த நீலப்பூச்சு தேய்ந்து வெளுத்திருக்கும். நாள் முழுதும் பல கைகள் மாறி மாறி மடக்கியும் நிமிர்த்தியும் அது உழைத்துக்கொண்டே இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுத்தான் "அந்தக் காலத்துச் சாமான் சாமான்தான்" என்கிறார்கள் பலர்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். அவருடைய மகள் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர விரும்புகிறாள். வீட்டில் தாத்தா காலத்து ஜெர்மன் ஏர்கன் ஒன்று பரணில் கிடக்கிறது. கடையிலோ, "வினாடிக்கு 1200 அடி வேகம்" என்று பெட்டிமேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட புதிய ஏர்கன் ஒன்றைக் காட்டுகிறார்கள். அதை வாங்கினால் அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். "எது நல்லது, சார்?" என்று கேட்டார். எளிய கேள்விதான். ஆனால் உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. யோசித்துச் சொன்ன விடையையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன?

சுருள்வில்லால் இயங்கும் ஏர்கன்னுக்குள் இருப்பவை மிகச் சில உறுப்புகளே. ஓர் உருளை, அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் பிஸ்டன், பிஸ்டனுக்குப் பின்னால் வலிமையான சுருள்வில், முன்முனையில் ஒரு வாஷர். குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னே தள்ளப்பட்டுச் சுருள்வில் அமுங்குகிறது. நம் கை செய்த வேலை நிலையாற்றலாகச் சேமிக்கப்படுகிறது. ட்ரிகரை இழுத்தால் பிஸ்டன் விடுபட்டு முன்னே பாய்கிறது. எதிரே உள்ள காற்றை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று ஒரு சிறு துளை வழியே குழலுக்குள் புகுந்து குண்டைத் தள்ளுகிறது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவீர்கள். காற்றை விரைவாக நெருக்கினால் அது சூடேறும். ஏர்கன்னில் இந்த நெருக்கம் கண்சிமிட்டும் நேரத்திலும் குறைவான நேரத்தில் நடந்துவிடுகிறது. வெப்பம் வெளியேற நேரமில்லை. காற்றின் பருமன் இருபதில் ஒரு பங்காகச் சுருங்குவதாகக் கொண்டு வெப்பப் பரிமாற்றமில்லா மாற்றத்துக்கான சமன்பாட்டில் எண்களை இட்டுப் பாருங்கள். அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 66 மடங்காகும். 27 டிகிரி செல்சியஸில் இருந்த காற்று 700 டிகிரிக்கு மேல் போகும். உண்மையில் கொஞ்சம் வெப்பம் உருளையின் சுவருக்குப் போய்விடுவதாலும், காற்று கசிவதாலும், குண்டு நகரத் தொடங்கிவிடுவதாலும் இந்த அளவு குறையலாம். ஆயினும் டீசல் எஞ்சினுக்குள் நடப்பதற்கு நெருங்கிய உறவுள்ள நிகழ்ச்சி இது என்பதில் ஐயமில்லை.

ஆகவே உருளைக்குள் எண்ணெய் இருந்தால் அதில் சிறிது பற்றி எரியவும் கூடும். பிரிட்டனைச் சேர்ந்த ஜி. வி. கார்டியூ, ஜி. எம். கார்டியூ என்ற இருவர் இதனை ஆராய்ந்தார்கள். ஏர்கன்னை ஆக்சிஜன் இல்லாத நைட்ரஜன் சூழலில் வைத்துச் சுட்டார்கள். குண்டின் வேகம் குறைந்தது. காற்றால் மட்டுமே குண்டு தள்ளப்படுகிறது என்று நாம் நினைத்திருந்த கருவியில் எண்ணெயும் ஒரு பங்கு வேலை செய்கிறது என்பது இதனால் விளங்கியது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். நாம் சுருள்வில்லில் சேமிக்கும் ஆற்றலில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு அளவே குண்டைச் சேர்கிறது. 80 மில்லிமீட்டர் தூரம் சராசரியாக 500 நியூட்டன் விசையுடன் அமுக்கினால் சேமிப்பு 40 ஜூல். குண்டு பெறுவது 13 ஜூல் என்றால் அதுவே நல்ல துப்பாக்கி. மிச்சம் வெப்பமாகவும் உராய்வாகவும் அதிர்வாகவும் ஓசையாகவும் போகிறது. பழையதா புதியதா என்ற வழக்கு முழுவதும் அந்த மிச்சம் எங்கே, எப்படிப் போகிறது என்பதைப் பற்றியதுதான்.

பழையவற்றின் பெருமை

சுருள்வில் ஏர்கன்னின் நல்ல காலம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த லிங்கன் ஜெஃப்ரிஸ் வடிவமைத்த ஏர்கன்னை பி.எஸ்.ஏ. நிறுவனம் 1905-இல் செய்யத் தொடங்கியது. குழலுக்கு அடியில் ஒரு நெம்புகோல். குழலோ அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-இல் வெப்லி மார்க் 3, 1948-இல் பி.எஸ்.ஏ. ஏர்ஸ்போர்ட்டர் ஆகியவை வந்தன. ஜெர்மனியில் ராஸ்டாட் நகரத்து டயானா துப்பாக்கிகளும் வைராவ் நிறுவனத்தின் எச்.டபிள்யூ. 35 துப்பாக்கியும் பெயர் பெற்றன.

இவற்றைக் கையில் எடுத்தவர்கள் முதலில் சொல்வது கனத்தைப் பற்றித்தான். உறுப்புகள் திட எஃகிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டவை. கட்டை நல்ல மரம். திருகுகளைக் கழற்றினால் துப்பாக்கி முழுவதும் பிரிந்துவிடும். எந்த உறுப்பு தேய்ந்ததோ அதை மட்டும் மாற்றலாம். உறுப்பு கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் செய்தும் கொள்ளலாம்.

வாஷரைப் பாருங்கள். பழையவற்றில் அது தோல். தோல் வாஷர் காய்ந்துபோனால் காற்று கசியும், துப்பாக்கி வலுவிழக்கும். ஆனால் சில சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்தால் பல வேளைகளில் மீண்டும் உயிர் பெறும். பெறாவிட்டாலும் புதிய தோலை வெட்டி அழுத்திச் செய்துவிடலாம். நூறாண்டைக் கடந்த ஏர்கன்கள் இன்றும் சுடுவதற்கு இதுவே பெரிய காரணம்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1960-களிலும் 1970-களிலும் சில உயர்ந்த ஜெர்மன் துப்பாக்கிகளில் தோலுக்குப் பதில் அன்றைய செயற்கைப் பொருளால் ஆன வாஷர்களைப் போட்டார்கள். ஃபைன்வெர்க்பவ் 124 அவற்றுள் ஒன்று. அந்தப் பொருள் காலப்போக்கில் தானாகவே சிதைந்து மெழுகு போல் உதிர்ந்தது. சுடாமல் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவர்களின் துப்பாக்கியும் தப்பவில்லை. அக்காலத்தில் "புதுமை" என்று பாராட்டப்பட்ட பொருள், தோலைவிட முன்னதாகவே மாண்டது. நல்ல வேளையாக அத்துப்பாக்கியும் திருகு கழற்றித் திறக்கக்கூடியதே. இப்போது கிடைக்கும் மேலான வாஷரைப் போட்டால் அது மறுபடியும் முதல் தரமாகச் சுடுகிறது.

பழையவற்றின் குறை

பழமையைப் போற்றுவோர் சொல்லாமல் விடுவனவும் உள. முதலாவது, நம் கண்ணில் படும் பழைய துப்பாக்கிகள் யாவும் பிழைத்து நின்றவை. அதே காலத்தில் தகரத்தை வளைத்துச் செய்த மலிவான துப்பாக்கிகளும் ஏராளமாக விற்றன. அவை என்றோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றை மட்டும் பார்த்து ஒரு காலத்தையே எடைபோடுவது, முதல் வகுப்பில் தேறியவர்களை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் கல்லூரியே சிறந்தது என்று சொல்வது போலாகும்.

இரண்டாவது, உட்புற நேர்த்தி. பல பழைய துப்பாக்கிகளில் சுருள்வில்லுக்கும் அதனைத் தாங்கும் தண்டுக்கும் நடுவே தாராளமான இடைவெளி இருந்தது. சுடும்போது சுருள்வில் பக்கவாட்டில் நெளிந்து அதிரும். "டங்" என்ற அந்த ஓசையைக் கேட்டுச் சிலர் "ஆகா, என்ன பலம்!" என்பார்கள். அது பலமன்று, குண்டுக்குப் போகாமல் வீணான ஆற்றல் எழுப்பும் ஓசை.

மூன்றாவது, பாதுகாப்பு. மடக்கிய நிலையில் பிஸ்டன் தவறி விடுபட்டால் குழல் படாரென்று நிமிரும். விரல் நடுவில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படி நேராமல் தடுக்கும் பற்களும் பூட்டுகளும் இன்றைய நல்ல துப்பாக்கிகளில் உண்டு. பழையவை பலவற்றில் இல்லை. தேய்ந்த ட்ரிகருள்ள பழைய துப்பாக்கி, பார்க்க எவ்வளவு அழகாயினும், குழந்தை கையில் கொடுக்கத் தக்கதன்று.

புதியவை செய்த முன்னேற்றம்

இன்றைய நல்ல ஏர்கன்னைப் பிரித்துப் பார்த்தால் முன்னேற்றம் எங்கே என்பது தெரியும். சுருள்வில்லை இறுக்கமாகப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கிகள்; நெளிவும் அதிர்வும் பெரிதும் அடங்கிவிட்டன. எண்ணெயே கேட்காத செயற்கை வாஷர்கள். பழைய செயற்கைப் பொருள்களின் குறையிலிருந்து பாடம் கற்றுச் செய்யப்பட்டவை. எண்ணெய் குறைந்தால் எரிதலும் குறைகிறது. ஒரு சுடுதலுக்கும் மறு சுடுதலுக்கும் உள்ள வேறுபாடும் குறைகிறது. ஈயக் குண்டுகளும் இன்று முன்னைவிட ஒரே சீராகக் கிடைக்கின்றன. பிரிட்டனின் ஏர் ஆர்ம்ஸ் டி.எக்ஸ். 200, ஜெர்மனியின் எச்.டபிள்யூ. 77 ஆகியவற்றை இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். வைராவ் துப்பாக்கிகளின் புகழுக்கு ஒரு காரணம் "ரெக்கார்ட்" என்ற அவற்றின் ட்ரிகர் அமைப்பு. அது 1950-களிலேயே வந்துவிட்டது. 1980-களில் வெளிவந்த எச்.டபிள்யூ. 77-இலும் அதே அமைப்புதான். அப்படியானால் இந்தத் துப்பாக்கி பழையதா, புதியதா? நல்ல வடிவமைப்பை வீணாக மாற்றாமல், மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றினார்கள்.

சுருள்வில்லுக்கே விடை கொடுத்த புதுமையும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் தியோபென் நிறுவனம் சுருள்வில்லுக்குப் பதில் அடைத்த வாயுவையே வில்லாகப் பயன்படுத்தியது. இன்று பல நிறுவனங்கள் நைட்ரஜன் அடைத்த உருளைகளைப் போடுகின்றன. இவை நெளிவதில்லை, மணிக்கணக்கில் அமுங்கியிருந்தாலும் சுருள்வில்லைப் போல் சோர்வதில்லை. ஆனால் வாயு கசிந்துவிட்டால் நம் ஊர்ப் பட்டறையில் ஒன்றும் செய்ய முடியாது. உருளையையே மாற்ற வேண்டும். சோர்ந்த சுருள்வில் மெல்ல மெல்லத்தான் வலுவிழக்கும். கசிந்த வாயு முழுவதுமாகக் கைவிட்டுவிடும்.

பெட்டிமேல் அச்சிட்ட எண்

இப்போது என் மாணவர் பார்த்த அந்த "வினாடிக்கு 1200 அடி" என்பதை ஆராய்வோம். இது சுமார் 366 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் அளவே. ஒலியை முந்தும் ஏர்கன்! கேட்கப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

எந்தக் குண்டைப் போட்டு அளந்தார்கள் என்பதே கேள்வி. இத்தகைய எண்கள் பெரும்பாலும் மிக இலேசான உலோகக் கலவைக் குண்டுகளைப் போட்டுப் பெறப்படுபவை. குண்டின் எடை 0.34 கிராம் என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் சுமார் 23 ஜூல். இதே ஆற்றலைச் சாதாரணமான 0.54 கிராம் ஈயக் குண்டுக்குக் கொடுத்தால் அதன் வேகம் வினாடிக்கு 291 மீட்டர், அதாவது சுமார் 950 அடி. துப்பாக்கி மாறவில்லை, ஆற்றல் மாறவில்லை, குண்டு மாறியதும் 250 அடி காணாமற்போயிற்று!

மேலும், இடை சிறுத்த இந்தக் குண்டுகள் ஒலியின் வேகத்தை நெருங்கினால் தள்ளாடத் தொடங்கும், குறி தவறும். ஆகவே அந்தப் பெரிய எண்ணை உண்மையிலேயே எட்டினாலும் அது நன்மையன்று. இதுமட்டுமா? தொழிற்சாலையில் பூசிய எண்ணெய்ப் பசை முதற்சில நாட்களில் எரிந்து, புதிய துப்பாக்கியின் வேகத்தைக் கூட்டிக் காட்டும். புகை வரும், ஓசை பெரிதாக இருக்கும், வாங்கியவர் மகிழ்வார். பசை தீர்ந்ததும் மெய்யான வேகம் வெளிப்படும்.

இதில் சட்டமும் ஒரு பங்கு வகித்திருக்கிறது. பிரிட்டனில் உரிமமின்றி வைத்துக்கொள்ளும் ஏர் ரைபிளுக்கு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16.3 ஜூல் என 1969-இல் உச்சவரம்பு விதித்தார்கள். 0.54 கிராம் குண்டுக்கு இது வினாடிக்கு 246 மீட்டர். ஜெர்மனியில் வரம்பு இன்னும் குறைவு, 7.5 ஜூல். அந்தத் துப்பாக்கிகளின் மேல் ஓர் ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்துப் பொறித்திருக்கும். அதே குண்டு அவற்றில் வினாடிக்கு 167 மீட்டர் வேகமே பெறும். இந்த முத்திரையுள்ள துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துவிட்டு "பழசாகிவிட்டது, வலுவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அது முதுமையன்று, பிறவியிலேயே சட்டம் இட்ட அளவு.

வேகத்துக்கு வரம்பு விதித்த நாடுகளில் நிறுவனங்கள் எதில் போட்டியிட முடியும்? மென்மையிலும் துல்லியத்திலும்தான். வரம்பில்லாத சந்தைகளிலோ எண்ணை உயர்த்துவதில் போட்டி. மிகச் சிறந்த சுருள்வில் துப்பாக்கிகள் ஜெர்மனியிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்ததற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பின்னுதைப்பு என்னும் தேர்வு

அதிக ஆற்றல் வேண்டுமென்றால் வலிய சுருள்வில் வேண்டும். கனத்த பிஸ்டன் வேண்டும். அதற்கு விலை உண்டு. உந்த அழிவின்மை விதிப்படி, பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகர வேண்டும். துப்பாக்கியின் மொத்த எடை 3.5 கிலோகிராம், பிஸ்டன் 250 கிராம், அது ஓடும் தூரம் 80 மில்லிமீட்டர் என்றால், துப்பாக்கி சுமார் 6 மில்லிமீட்டர் பின்னே நகரும். பிறகு நெருக்கப்பட்ட காற்றில் பிஸ்டன் முட்டி நிற்கையில் துப்பாக்கி முன்னே தள்ளப்படும். ட்ரிகர் விடுபட்டதிலிருந்து குண்டு வெளியேறும் வரை ஆவது வினாடியில் நூறில் ஒரு பங்கு அளவே. இத்தனை குலுக்கலும் குண்டு குழலுக்குள் இருக்கும்போதே நடந்துவிடுகிறது!

ஆகவே சுருள்வில் துப்பாக்கியை இறுகப் பிடிப்பவர்க்குக் குறி சிதறும். ஒவ்வொரு முறையும் இறுக்கம் வேறுபடுமல்லவா? தளர்வாக, ஒரே மாதிரிப் பிடிப்பவர்க்கே அது வசப்படும். துப்பாக்கியின் ஆற்றல் கூடக் கூட இந்தப் பாடம் கடினமாகும். கற்றுக்கொள்ளும் சிறுமிக்கு 23 ஜூல் துப்பாக்கியைக் கொடுப்பது, சைக்கிள் பழகுபவளுக்குக் கனரக மோட்டார் சைக்கிளைக் கொடுப்பதாகும்.

இந்தக் குலுக்கலை அடக்குவதில் பழைய ஜெர்மன் பொறியாளர்கள் காட்டிய சாமர்த்தியம் இன்றும் வியப்பூட்டுகிறது. டயானாவின் போட்டித் துப்பாக்கிகளில் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றின் உந்தத்தை மற்றொன்று ஈடுசெய்தன. கிஸ் என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. ஃபைன்வெர்க்பவ் 300-இல் சுடும் கணத்தில் உள்ளமைப்பு முழுவதும் தண்டவாளத்தில் ஓடுவது போலக் கட்டையின்மேல் சற்றுச் சறுக்கும். தோளுக்கு அதிர்வு எட்டாது. இவற்றைப் போல் நுணுக்கமாகச் செய்த சுருள்வில் துப்பாக்கிகள் இன்று அரிதாகிவிட்டன.

ஆனால் இதிலிருந்து "பழையதே சிறந்தது" என்று முடிவு கட்ட வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டி 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அதன்பின் போட்டிக்களம் படிப்படியாகச் சுருள்வில்லைக் கைவிட்டு, முன்கூட்டியே அடைத்த காற்றால் இயங்கும் துப்பாக்கிகளுக்கு மாறிவிட்டது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். ஓடும் பிஸ்டனே இல்லாத துப்பாக்கியில் அடக்க வேண்டிய குலுக்கலும் இல்லை. ஆகவே சுருள்வில் துப்பாக்கி இன்று பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் உரியது என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

பெயரை நம்பலாமா?

"பழைய பெயருள்ள புதிய துப்பாக்கி வாங்கிவிட்டால் போயிற்று" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் ஒன்று, பட்டறை வேறு. உலகப் போருக்குப் பின் டயானாவின் இயந்திரங்கள் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனம் டயானா என்ற பெயரிலேயே துப்பாக்கி செய்தது. ஜெர்மன் நிறுவனமோ பிரிட்டனில் தன் சொந்தப் பெயரைப் போட முடியாமல் "ஒரிஜினல்" என்ற பெயரில் விற்றது! பி.எஸ்.ஏ. 1986-இல் ஸ்பெயினின் கேமோ நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. வெப்லி 2005-இல் தன் பிரிட்டிஷ் தொழிற்சாலையை மூடியது. அதன்பின் அப்பெயருள்ள சுருள்வில் துப்பாக்கிகள் துருக்கியில் செய்யப்பட்டன. வேறு நாட்டில் செய்தால் தரம் குறையும் என்று நான் சொல்லவில்லை. பெயர் பொறித்த முத்திரை தரத்துக்குச் சான்றாகாது; துப்பாக்கியைத்தான் சோதிக்க வேண்டும்.

நீங்களே அளந்து பாருங்கள்

சோதிப்பது எப்படி? வேகத்தை அளக்கும் மின்னணுக் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் விளக்கிய ஊசல் முறை இருக்கிறது. ஒரு டப்பாவில் ஈரக் களிமண் அடைத்து, மொத்த எடை 500 கிராமாக இருக்கும்படி செய்து, 1 மீட்டர் நீளமுள்ள நூல்களில் தொங்கவிடுங்கள். களிமண்ணின் நடுவில் குண்டு பாய்ந்து தங்கினால் டப்பா ஊசலாடும். 0.5 கிராம் குண்டு வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வந்தால் டப்பா பெறும் வேகம் வினாடிக்கு 20 சென்டிமீட்டர். அது கிடைமட்டத்தில் ஏறத்தாழ 6.4 சென்டிமீட்டர் விலகும். ஓர் அளவுகோலே போதும்! துப்பாக்கியின் காற்று டப்பாவைத் தள்ளிவிடாதபடி இரண்டு மீட்டராவது தள்ளி நின்று சுடுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், டப்பாவுக்குப் பின்னால் தடித்த மரப்பலகையும், அருகில் அனுபவமுள்ள பெரியவரும் இன்றி இதைச் செய்யக் கூடாது.

பத்து முறை சுட்டு விலகலைக் குறியுங்கள். எந்தத் துப்பாக்கி அதிக விலகல் தருகிறது என்று பார்க்காதீர்கள். எது பத்து முறையும் ஒரே விலகல் தருகிறது என்று பாருங்கள். காரணம் சொல்கிறேன். காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், வினாடிக்கு 200 மீட்டர் வேகக் குண்டு 10 மீட்டர் தூரத்தில் புவியீர்ப்பால் 12 மில்லிமீட்டர் தாழும். 180 மீட்டர் வேகக் குண்டு 15 மில்லிமீட்டர் தாழும். வித்தியாசம் 3 மில்லிமீட்டர். போட்டி இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் உள்ள இடைவெளியே 2.5 மில்லிமீட்டர்தான்! நிதானமாக 180 தரும் துப்பாக்கிக்கு முள்ளை ஒருமுறை திருத்தினால் போதும். ஒருமுறை 200, மறுமுறை 180 என்று தருவதை எந்த முள்ளாலும் திருத்த முடியாது.

இந்தச் சோதனையோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கருவிகளால் இதைத் திறந்து வாஷரையும் சுருள்வில்லையும் மாற்ற முடியுமா? மடக்கிய நிலையில் இதன் ட்ரிகர் நம்பத்தக்கதா? இம்மூன்றிலும் தேறுவதே தரமான துப்பாக்கி. அது பிறந்த ஆண்டு எதுவாயினும் கவலையில்லை. விலையை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதால் வகுத்துப் பார்த்தால் மதிப்பும் தெரிந்துவிடும்.

முடிவு

என் மாணவருக்கு நான் சொன்னது இதுதான்: "பரணில் இருப்பதை இறக்குங்கள். விவரம் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து முதலில் ட்ரிகரைச் சோதியுங்கள். அது தேய்ந்திருந்தால் துப்பாக்கியைக் காட்சிக்கு வைத்துவிடுங்கள். நன்றாக இருந்தால் புதிய வாஷரும் சுருள்வில்லும் போடுங்கள். மகள் அதில் ஓராண்டு பழகட்டும். ஆர்வம் நிலைத்தால், சேமித்த பணத்தை இன்னொரு சுருள்வில் துப்பாக்கிக்குச் செலவிட வேண்டாம். போட்டிக்குரிய துப்பாக்கியுள்ள பயிற்சிக் கழகத்தில் சேர்க்கச் செலவிடுங்கள். புதியதுதான் வாங்க வேண்டுமென்றால் எண் சிறியதாக உள்ளதைப் பாருங்கள்."

அவர் சிரித்தார். "எண் சிறியதையா? கடைக்காரர் எதிர்மாறாகச் சொன்னாரே!" என்றார். கடைக்காரர் எண்ணை விற்கிறார். நமக்கு வேண்டியது நிதானம்.

வாங்குமுன் நடைமுறையிலுள்ள ஆயுத விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பழையதாயினும் புதியதாயினும் ஏர்கன் விளையாட்டுப் பொம்மையன்று. 7.5 ஜூலே கண்ணைப் பறித்துவிடப் போதும். மரத்துக் குருவியும் இலக்கன்று. அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் அரசு விடுத்த வேண்டுகோளை ஏற்று மக்கள் தாங்களாகவே ஏர்கன்களை ஒப்படைத்தார்கள். காட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் காப்பதே அதன் நோக்கம். காகித இலக்கை மட்டும் சுடும் கையில்தான் இந்தக் கருவிக்கு மதிப்பு உண்டு.

அடுத்த முறை பலூன் கடைக்குப் போகும்போது துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல், தளர்வாகத் தாங்கிச் சுட்டுப் பாருங்கள். முள் கோணலா, பிடி கோணலா என்பது விளங்கிவிடும்.